பார்வையாளர் பதிவேட்டில் ஒரு டீச்சர்

வியாழக்கிழமை பத்து மணி ஆகியும் ரோஸ்லின் டீச்சர் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு அபிநயா வாசற்படியில் உட்கார்ந்து பள்ளிக்கூட கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர் வருவாங்க, நீ மொதல்ல கிளாசுக்குப் போ" என்று இரண்டு முறை அதட்டிப் பார்த்தேன். எழுந்து போவாள், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள். பதினொன்றரைக்கு எனக்குக் கோபமே வந்துவிட்டது. லீவு என்றால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று முணுமுணுத்துக்கொண்டே அவருடைய எண்ணுக்குப் போன் செய்தேன். வேறு ஒரு பெண்மணி எடுத்தார்.

"யாருமா நீங்க?"

பள்ளியின் பெயரைச் சொல்லி, தலைமையாசிரியர் பேசுகிறேன், ரோஸ்லின் டீச்சர் இன்னும் வந்து சேரவில்லை என்றேன். கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னேன்.

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதாமா? திங்கக்கெழம காலையிலயே போய்ட்டாங்கமா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. செவ்வாக்கெழம அடக்கம் பண்ணிட்டோம். அவங்க தம்பி பெங்களூர்ல இருந்து வந்துட்டுப் போனாரு. நான் ஹவுஸ் ஓனருமா. அஞ்சு ஸ்கூலுக்குப் போவாங்க, எதுக்குச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல. யாருன்னா பண்ணா சொல்லலாமேன்னு போனை சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். நீங்கதான் மொதல்ல பண்றீங்க."

அவர் வைத்த பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமைப் பள்ளிக்கூடம் டீச்சர் லீவு என்று நினைத்திருக்கும். செவ்வாய்க்கிழமைப் பள்ளிக்கூடமும் புதன்கிழமைப் பள்ளிக்கூடமும் அப்படியே நினைத்திருக்கும். பிறகு விசாரித்ததில், அவருடைய அலுவலகத்துக்குத் தம்பி தகவல் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. அங்கே வாட்ஸப் குழுவில் ஒரு வரியும் வரிசையாகக் கூப்பிய கைகளும் வந்திருக்கின்றன. அந்தக் குழுவில் நான் இல்லை, எங்கள் தலைமையாசிரியர் குழுவில் அவர் இல்லை. ஐந்து பள்ளிகளில் வேலை செய்த ஒருவரின் சாவு ஒரு பள்ளிக்கும் வந்து சேரவில்லை.

ரோஸ்லின் டீச்சரைத் தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்களும் கொஞ்சமாகத்தான் தெரிந்துவைத்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் சிறப்பாசிரியர். அறிவில் ஒரு குறையும் இல்லாமல், எழுத்தும் கணக்கும் மட்டும் பிடிபடாமல் தவிக்கும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. ஆம்பூரைச் சுற்றி ஐந்து தொடக்கப் பள்ளிகள் அவருடைய பொறுப்பு, வாரத்தில் பள்ளிக்கு ஒரு நாள். எங்களுக்கு வியாழக்கிழமை. ஐம்பதை நெருங்கிய ஒல்லியான உடம்பு, கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜோலார்பேட்டையில் ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை முதன்முதலாக வந்தார். வணக்கம் சொல்லிவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும் டீச்சர்?" என்று கேட்டார்.

எங்கள் வருகைப் பதிவேட்டில் அவருக்கு வரி கிடையாது. அவர் எங்கள் பள்ளியின் கணக்கில் இல்லை. அலமாரியைத் திறந்து பார்வையாளர் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். அதிகாரிகள் வந்தாலோ, ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுக்க வந்தாலோ கையெழுத்துப் போடும் நோட்டு அது. கடைசிக் கட்டத்தில் குறிப்பு எழுத இடம் உண்டு. பெரும்பாலானவர்கள் 'பள்ளி நன்று' என்று எழுதிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். ரோஸ்லின் டீச்சர் ஆறு வருடமும் அந்த நோட்டில்தான் கையெழுத்துப் போட்டார். வாரா வாரம் வந்தும் கடைசிவரை பார்வையாளர்தான். தனியாக ஒரு வரி போட்டுக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாற்காலியும் அப்படித்தான். எங்களிடம் நான்கு ஆசிரியர்கள், நான்கு நாற்காலிகள். பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வகுப்பிலிருந்து ஒன்று வாங்கித் தரட்டுமா என்று பேருக்குக் கேட்டேன். "வேணாம் டீச்சர். இங்க இருந்தாத்தான் பசங்க மூஞ்சி நேரா தெரியுது" என்றார். விட்டது தொல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

அபிநயா இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவளை ரோஸ்லின் டீச்சரிடம் அனுப்பியது நான்தான். அனுப்பினேன் என்பதைவிடத் தள்ளிவிட்டேன் என்று சொல்லலாம். கணக்கை மனதிலேயே போடுவாள், கேட்ட கதையை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள், ஆனால் எழுதச் சொன்னால் எழுத்துகள் முகம் திரும்பி நிற்கும். பலகையில் இருப்பதைப் படிக்கச் சொன்னால் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குக் கவனமில்லை என்று முடிவு கட்டி, மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரை முதலில் எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து ரோஸ்லின் டீச்சர் அந்தப் பட்டியலோடு என் மேசைக்கு வந்தார்.

"இவ ஸ்லோ இல்ல டீச்சர். எழுத்து மட்டும் இவகிட்ட நிக்க மாட்டேங்குது. நிக்க வெக்கணும், அவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியவளுக்கு வாரத்தில் ஒரு நாள் வருகிறவர் பாடம் எடுக்கிறாரே என்று நினைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நிக்க வெச்சிட்டு எனக்கும் சொல்லுங்க, வந்து பாக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரிக்கும்போது சத்தம் வராது.

எழுத்தை நிற்கவைக்க அவர் கண்டுபிடித்த வழியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அபிநயாவின் அம்மா சுமதி ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறவர். வெட்டி மிச்சமாகும் தோல் துண்டுகள் கொஞ்சம் கிடைக்குமா என்று டீச்சர் அவரிடம் கேட்டார். "இன்னா டீச்சர், போயும் போயும் இதக் கேக்கறீங்க. குப்பைக்குப் போறது" என்று சொல்லிவிட்டு, மறுவாரமே சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு கவர் நிறையக் கொண்டுவந்தார் சுமதி. டீச்சர் அவற்றை உயிர், மெய், உயிர்மெய் என்று உள்ளங்கை அளவு எழுத்துகளாகக் கத்தரித்தார். தோலுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கம் மேலே இருந்தால் எழுத்து சரியாக இருக்கும். புரட்டி வைத்தால் எழுத்தும் திரும்பிக்கொள்ளும், தடவும் விரல் வழுக்கும். கண் ஏமாறுகிற இடத்தில் விரல் ஏமாறாது. அபிநயா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, "இது தப்பு டீச்சர், வழுக்குது" என்று தானே சொல்லித் தானே திருப்பி வைப்பாள்.

எழுத்துகளைக் குழந்தைகள் ஷூ வரும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வகுப்பு அலமாரியில் வைத்திருந்தார். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை கேட்டேன். அவர் தன் குடும்பத்தைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான்.

"எங்கப்பா டேனரியில, தோல ஊற வெக்கற சுண்ணாம்புக் குழியில நின்னவரு டீச்சர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா கண்ண மூடிக்கிட்டுத் தோலைத் தொட்டா, எது மேல்பக்கம், எந்த எடம் மெலிசு, எங்க முள்ளு கிழிச்சிருக்குன்னு சொல்லிடுவாரு. வெரலுக்குத் தெரியறவங்க இருக்காங்க. அவங்களுக்கு வெரல்லயே குடுத்துட்டாப் போச்சு."

நான் தலையாட்டினேன். ஆனால் அந்தப் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி செலுத்த எனக்கு யோக்கியதை இல்லை. நான் கணியம்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது. செருப்புத் தோலில் எழுத்தை வெட்டி, செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ சுளித்தது. அந்தச் சுளிப்பு தோலோடு நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். டேனரிக் குழியில் நின்றவரின் மகள் என்று தெரிந்த பிறகு அது கொஞ்சம் கூடியது. அது எப்படிப்பட்ட எண்ணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முன்தினம் வியாழக்கிழமையாக அமைந்தது. பள்ளியிலேயே படம் வைத்து, பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கி, பொரி கடலை அவல் படைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த அபிநயாவிடம் புத்தகம் இருந்தது, ஆனால் அவள் படித்தது அதில் இல்லை. ஆகவே அவள் தன் பாடமான அந்த ஷூ பெட்டியைக் கொண்டுவந்து புத்தக அடுக்கின் மேல் வைத்தாள். பொட்டு வைக்கக் குங்குமத்துக்குக் கூடக் கை நீட்டிவிட்டாள்.

"செருப்புத் தோலை எல்லாம் சாமிகிட்ட வெக்கறதா? யாரு சொன்னது? எடுத்துட்டுப் போய் வெளிய, செருப்புங்ககிட்ட வெச்சிட்டு வா" என்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டது. அபிநயா பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எங்கள் வகுப்பறை வாசலில் பிள்ளைகள் செருப்புகளை வரிசையாகக் கழற்றிவிடும் இடம் இருக்கிறது.

அன்றைக்கு என் கைப்பை சாமி படத்துக்குப் பக்கத்தில் மேசை மேல்தான் இருந்தது. ஆம்பூர்க் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய அசல் தோல் பை. அது அங்கே இருந்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பூஜை முடிந்து வெளியே வந்தபோது ரோஸ்லின் டீச்சர் வாசற்படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அபிநயா. அவர் அப்போதுதான் வந்திருப்பார், செருப்புகளுக்கு நடுவே பெட்டியைப் பார்த்து எடுத்திருப்பார் என்று நினைத்தேன். பொரி கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் டீச்சர்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அன்றிலிருந்து பெட்டியை அலமாரியில் வைக்காமல் தன் துணிப்பையிலேயே எடுத்துப் போனார். சாயங்காலம்தான் என் கைப்பையை மாட்டும்போது எனக்கு உறைத்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த முடிவோடு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். எங்கள் வீடு காட்பாடியில். வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஆம்பூர் ஸ்டேஷனில் நான் ஒரு பிளாட்பாரத்திலும் அவர் எதிர்ப் பிளாட்பாரத்திலும் நிற்போம். நான் கிழக்கே போக வேண்டும், அவர் மேற்கே. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நிற்பார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், நானும் அசைப்பேன். படியேறி இறங்கினால் இரண்டு நிமிடம். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நிற்பேன். நடுவில் ரயில் வந்துவிடும். அது போனதும் எதிர்ப் பிளாட்பாரம் காலியாக இருக்கும்.

பள்ளியில் பார்க்கும்போது வாய் வராது. என்ன சொல்வது? சொல்ல வேண்டுமானால் ஏன் அப்படிச் செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு வேளையில் அவர் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பார். நாங்கள் நால்வரும் எங்கள் நாற்காலிகளில் குழம்பு மாற்றிக்கொள்வோம். ஒரு முறை துணிந்து, "இங்க வந்து உக்காருங்க டீச்சர், இன்னிக்குக் கருவாட்டுக் குழம்பு" என்று கூப்பிட்டேன். "இருக்கட்டும் டீச்சர், பசங்க தனியா ஆய்டுவாங்க" என்றார். யார் தனியாகிவிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

செய்தி தெரிந்த மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். படம் வைத்து மாலை போடலாம் என்று தேடினால் ஒரு படம் கூட இல்லை. சுதந்திர தினம், ஆண்டு விழா, பிரிவு உபசார விழா என்று என் போனில் நூறு படங்கள் இருந்தன. ஒன்றிலும் அவர் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. "நான் எடுக்கறேன், நீங்க எல்லாம் நில்லுங்க" என்று போனை வாங்கிக்கொள்கிறவர் அவர்தான். அத்தனை படங்களும் அவர் எடுத்தவை.

அவருடையது என்று பள்ளியில் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தபோது பார்வையாளர் பதிவேடு ஞாபகம் வந்தது. எடுத்து உட்கார்ந்தேன். மற்றவர்கள் 'பள்ளி நன்று' என்று எழுதும் கட்டத்தில், வாரா வாரம் சின்ன எழுத்தில் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். 'அபிநயா இன்று கண்ணை மூடி ஏழு எழுத்துகள் சொன்னாள்.' 'அபிநயா வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல்.' 'இரண்டாம் வகுப்பு இம்ரான் பேனாவைச் சரியாகப் பிடித்தான். சந்தோஷம்.' ஆறு வருடம் ஒரு வாரம் விடவில்லை. ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் தலைமையாசிரியர் பார்த்ததற்கு அடையாளமாக என் கையெழுத்து இருந்தது. மாதக் கடைசியில் ஒரே மூச்சில் புரட்டிப் போட்ட கையெழுத்துகள். நான் ஒரு வரியைக் கூடப் படித்ததில்லை.

பூஜை நடந்த அந்த வியாழக்கிழமையைத் தேடிப் பிடித்தேன். என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பார் என்று பயந்தேன். எழுதியிருந்தது இதுதான்: 'அபிநயா முதன்முறையாக ஒரு முழுச் சொல் படித்தாள். சொல்: அவல். இடம்: வாசலில், செருப்பு விடும் இடம்.'

கீழே என் கையெழுத்து.

அபிநயாவைக் கூப்பிட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டதை மறக்காத பிள்ளை அது.

"நீங்க வெளிய வெக்கச் சொன்னீங்க டீச்சர். நான் வந்தனா, ரோஸ்லின் டீச்சர் வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. நீங்க சொன்னது அவங்களுக்கும் கேட்டுச்சு. நான் அழுதுட்டேன். பெட்டியக் குடு, நான் புடிச்சிக்கறேன்னாங்க. உள்ள எடம் கம்மி அபி, இங்க பாரு எவ்ளோ ஜாஸ்தி எடம் இருக்குது, வா உக்காரலாம்னாங்க. அப்பறம் உள்ள இன்னா குடுப்பாங்கன்னு கேட்டு, மூணு எழுத்து எடுத்து வெச்சாங்க. நான் தடவிப் பாத்துப் படிச்சேன். டீச்சர் சத்தம் போட்டு சிரிச்சாங்க. அவங்க சிரிச்சா சத்தம் வரும்னு எனக்குத் தெரியாது."

உள்ளே மணியடித்துக்கொண்டிருந்ததால் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுமதியையும் அபிநயாவையும் கூட்டிக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போனேன். ஆறு வருடத்தில் முதன்முறையாக அவர் நிற்கும் பிளாட்பாரத்தில் நின்று, அவர் போகும் திசையில் ரயில் ஏறினேன். ஹவுஸ் ஓனர் அம்மா எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். புது மண் மேடு, வாடிய சாமந்தி மாலை ஒன்று. கல் வைக்கத் தம்பி அடுத்த மாதம் வருவாராம். அங்கேயும் அவர் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. சுமதி ஓரமாக நின்று அழுதார். நான் ஒன்றரை வருடமாக வைத்திருந்த வார்த்தையை வாய்விட்டே சொன்னேன். "மன்னிச்சிடுங்க டீச்சர்." சொல்லிவிட்டேனே தவிர ஒரு பாரமும் இறங்கவில்லை. கேட்க வேண்டியவர் காதில் விழாத மன்னிப்பு என்னிடமேதான் இருக்கிறது.

புறப்படும்போது ஹவுஸ் ஓனர் அம்மா அந்தத் துணிப்பையை நீட்டினார். "தம்பி இத எடுத்துட்டுப் போகல. உள்ள ஒரு செருப்புப் பெட்டி இருக்குது, தோலா வெட்டி வெச்சிருக்காங்க. யாருக்குன்னா ஒதவுமா?" என்றார். நான் கை நீட்டுவதற்குள் அபிநயா வாங்கிக்கொண்டாள்.

டீச்சர், நீங்கள் எழுதிய பக்கங்களை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் கொஞ்சம் படிக்கிறேன். உங்களுக்கு ஒரு வரி, ஒரு நாற்காலி, ஒரு படம் எதையும் தராதவளின் பள்ளிக்கு, ஆறு வருடம் குடை பிடித்து நடந்து வந்தீர்கள். போய் வாருங்கள்.

நேற்று மறுபடி வியாழக்கிழமை. அபிநயா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அதட்டவில்லை. முழங்கால் முனகினாலும் செருப்புகளுக்குப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள், நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். எனக்கு இரண்டு எழுத்து தப்பாகிவிட்டது. அவள் திருப்பி வைத்துக் காட்டினாள். பிறகு பார்வையாளர் பதிவேட்டை மடியில் விரித்தேன். தேதி போட்டேன். பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் எழுதட்டா டீச்சர்?" என்று கேட்டு அபிநயா பேனாவை வாங்கினாள். பெயர்க் கட்டத்தை விட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தையும் பெட்டியில் தொட்டுப் பார்த்து, தொட்டுப் பார்த்து எழுதினாள். பத்து நிமிடம் ஆனது. ஒரு எழுத்தும் முகம் திரும்பவில்லை.

'ரோஸ்லின் டீச்சர் வரல.'

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். அதற்குப் பிறகுதான் கீழே கையெழுத்துப் போட்டேன்.